பழைய பிரிட்ஜ் வியாபாரமும் பங்குக்காரருக்குச் சொல்ல வேண்டிய கணக்கும்

கட்டாரிலுள்ள மச்சான் பத்து இலட்சம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பத்து இலட்சம், மாமா ஒருவர் பத்து இலட்சம். முப்பது இலட்சம் சேர்ந்ததும் பதுளை நகரில் ஒரு கடை. கொழும்பிலிருந்து லொறியில் வரும் பாவித்த பிரிட்ஜ், வொஷிங் மெஷின், தொலைக்காட்சிகளைத் திருத்தி, பசறை, லுணுகலை, மடூல்சீமைத் தோட்டங்கள் வரை விற்பதுதான் தொழில். இலாபத்தில் பாதி முதல் போட்டவர்களுக்கு, பாதி உழைப்பவருக்கு என்று பேச்சு. நம் ஊர்களில் இப்படியான முழாரபா ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தேநீர்க் கோப்பையோடு முடிந்துவிடுகின்றன.

இந்தத் தொழிலுக்குக் கேள்வி இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டதிலிருந்து புதுப் பொருள் பலருக்கு எட்டாக்கனி. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 50,000 ரூபா பிரிட்ஜ் ஒன்றுக்கு 37 முழுப் பெயர் விழ வேண்டும். அதனால்தான் தவணைக்குக் கொடுக்காமல் தோட்டத்தில் விற்க முடிவதில்லை. கணக்கு முதலில் குழம்புவதும் அங்கேதான்.

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்பதால், பங்குக்காரர்களுக்குப் போகும் 'அறிக்கைகள்' சிலவற்றைக் கேட்டிருக்கிறேன். ஆம், கேட்டுத்தான் இருக்கிறேன். அவை வட்ஸ்அப் குரல் பதிவுகள்: "அல்ஹம்துலில்லாஹ், வியாபாரம் நல்லாப் போகுது, இந்த மாசம் மூணு இலட்சம் லாபம்." பொய் சொல்லும் எண்ணம் அவரிடம் இல்லை. கல்லாவைப் பார்த்து இலாபத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஒரு முதல் மாதத்தை எடுப்போம். 40 பொருட்கள், போக்குவரத்துக் கூலியோடு ஒன்று 35,000 ரூபா. 20 விற்றன, சராசரி 50,000. விற்பனை பத்து இலட்சம், விற்றவற்றின் கொள்விலை ஏழு இலட்சம், மீதி மூன்று இலட்சம். குரல் பதிவு இங்கே நின்றுவிடுகிறது. ஆனால் திருத்தும் கூலியும் உதிரிப்பாகமும் 60,000. கடை வாடகை, மின்சாரம், வேலையாள் சம்பளம் 1,10,000. மிஞ்சுவது 1,30,000.

இன்னும் முடியவில்லை. விற்காத 20இல் நான்கின் கம்ப்ரஸர் போய்விட்டது. உதிரிப்பாகமாகக் கழற்றி விற்றால் ஒன்றுக்கு 8,000 தேறும். கைவசம் உள்ள சரக்கை, வாங்கிய விலை அல்லது விற்றால் தேறக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும் என்பது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 சொல்லும் விதி. ஆகவே ஒன்றுக்கு 27,000 வீதம் 1,08,000 கழிய வேண்டும். விற்ற 20க்கும் மூன்று மாத உத்தரவாதம் கொடுத்திருக்கிறார். தோட்டத்து லயங்களில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் இரண்டாவது திரும்பி வரும் என்று வைத்தால், திருத்தச் செலவு 24,000. இப்போது கூட்டிப் பாருங்கள்: மூன்று இலட்சம் இலாபம் அல்ல, 2,000 ரூபா நட்டம்.

போதாததற்கு, விற்பனையில் மூன்று இலட்சம் தவணைக்குப் போனது. அதில் 90,000 கைக்கு வந்திருக்கிறது. 2,10,000 இன்னும் மலையில் நிற்கிறது.

முதல் மாதம் 2,000 ரூபா நட்டம் என்பது வெட்கப்படவேண்டிய செய்தியே அல்ல. புதுக் கடைக்கு அது நல்ல தொடக்கம் என்றுகூடச் சொல்வேன். தவறு, மூன்று இலட்சத்தைப் பாதியாக்கி ஒன்றரை இலட்சத்தைப் பங்குக்காரருக்கு அனுப்புவதில்தான். அவர்களுக்குப் போனது அவர்களுடைய முதலே. வாங்கியவர் மகிழ்ந்துபோய் உறவினரையும் சேர்த்துவிடுவார். பெங்களூரில் ஐஎம்ஏ நிறுவனம் ஹலால் முதலீடு என்ற பெயரில் மாதாமாதம் 'இலாபம்' கொடுத்து, 2019 ஜூனில் சரிந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு போனது. அந்த அளவு பெரிய ஒன்றோடு ஒரு பதுளைக் கடையை ஒப்பிடுவது அதிகம்தான். ஆனாலும் இலாபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காதது இரண்டிலும் ஒன்றே.

முழாரபாவில் நட்டம் முதல் போட்டவரைச் சேர்கிறது. உழைத்தவர் தன் உழைப்பை இழக்கிறார், கவனக்குறைவு இருந்தாலொழிய. ஆகவே கணக்குக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. இடையில் கொடுக்கும் இலாபமும் தற்காலிகமானதே, முதல் முழுதாக மீண்ட பின்தான் உறுதியாகும் என்பது பிக்ஹ் அறிஞர்களின் நிலைப்பாடு. 'முன்பணம், இறுதிக் கணக்கில் சரிசெய்யப்படும்' என்று அனுப்பும்போதே எழுதிவிட்டால் பின்னால் சண்டை இராது.

மாதம் ஒரு பக்கம் போதும். எத்தனை பொருள் வந்தது, எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது, 90 நாளைத் தாண்டியும் விற்காமல் கிடப்பவை எவை, தவணைப் பாக்கி எவ்வளவு, உரிமையாளர் தன் வீட்டுச் செலவுக்கு எடுத்தது எவ்வளவு. கடைசி வரியை எழுதத்தான் எல்லோருக்கும் கை கூசுகிறது. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு இருந்தால் அது தானாகவே எழுதப்பட்டுவிடும்.

கெட்ட செய்தியை மாத முடிவுவரை வைத்திருக்கவும் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து பாதைகள் அறுந்தபோது, தவணை வசூலும் நின்றது. அந்த வாரமே "இத்தனை வீடுகளில் இவ்வளவு பாக்கி, இம்மாதம் கேட்கப் போவதில்லை" என்று சொல்லியிருந்தால், எந்தப் பங்குக்காரரும் மறுத்திருக்கமாட்டார். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் அதே செய்தி சாக்குப்போக்காகக் கேட்கும்.

இன்னொன்று. பங்காளிகளாகத் தொழில் தொடங்குவோர் கவனிக்க: 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, மூலதனம் 1,000 ரூபாவைத் தாண்டும் பங்குடைமை எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அந்த 1,000 ரூபாவுக்கு இன்று ஒரு பழைய ரைஸ் குக்கர்கூட வராது. முப்பது இலட்சத்தை வாய்ப்பேச்சில் கொடுத்தவர்கள், கடைக்கு அடுத்த லொறி வருவதற்குள் அந்த ஒரு தாளை எழுதிக்கொள்ளட்டும்.