12.6 வோல்ட் காட்டினால் கார் பேட்டரி நல்லதா?

சார்ஜரைக் கழற்றியதும் மல்டிமீட்டரை வைத்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதை நம்பக் கூடாது. ஈயத் தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் ஏறி நிற்கும் சார்ஜ் அது. சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். ஆறு செல்கள், செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆகவே 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. "12.6 வந்துவிட்டதே, இனி என்ன சோதனை?" என்று கேட்கலாம். அந்த எண் சொல்வது சார்ஜின் அளவை, தகடுகளின் வலுவை அல்ல. தேய்ந்துபோன பேட்டரியும் சும்மா இருக்கையில் அதையே காட்டக்கூடும். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போதுதான் உள்ளே இருக்கும் மின்தடை வெளிப்படும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். முழு சார்ஜிலும் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

சார்ஜ் ஏறும் கடைசிக் கட்டத்தில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 விழுக்காடு கலந்தாலே ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். வெடித்தால் முகத்தில் தெறிப்பது கந்தக அமிலம். 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4.5 ஆம்பியர் போதும்; அவசரப்பட்டுக் கூட்டினால் சூடும் வாயுவும் கூடும். காற்றோட்டமான இடத்தில், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். கிளிப்பை மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள், அணைத்த பிறகே கழற்றுங்கள்.