குடிலில் நிற்கும் மாடும் லாக்கரில் பொடிந்த ஏடும்

தோமாவுக்கு இந்தியாவுக்கு வர இஷ்டமே இல்லை. சீடர்கள் உலகத்தைப் பங்கு பிரித்துச் சீட்டு எடுத்தபோது அவர் பெயருக்கு விழுந்தது இந்தியா. உடம்பில் தெம்பில்லை, நான் எபிரேயன், அந்த ஊர் ஜனங்களுக்கு நான் போய் என்ன சொல்ல முடியும் என்று அடம்பிடிக்கிறார். இரவில் இயேசு தோன்றித் தைரியம் சொல்லியும் மனுஷன் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஹப்பான் என்ற வணிகர் இந்தியாவிலிருந்து வந்து, தன் ராஜாவுக்கு ஒரு தச்சர் வேண்டுமென்று கடைத்தெருவில் தேடிக்கொண்டிருக்கிறார். இயேசுவே அவரிடம் போகிறார். எனக்கு ஓர் அடிமை இருக்கிறான், தச்சு வேலை தெரிந்தவன் என்று விலை பேசி, கிரயப் பத்திரமும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். வணிகர் தோமாவைக் கூப்பிட்டு, இவர்தான் உன் எஜமானரா என்று கேட்கிறார். ஆமாம் என்பதைத் தவிர தோமா வேறென்ன சொல்ல முடியும்? கப்பல் ஏறிவிடுகிறார்.

விவிலியத்தில் இந்தக் காட்சி கிடையாது. ‘தோமாவின் பணிகள்’ என்ற நூலில் இருக்கிறது. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதெஸ்ஸா நகரத்தை ஒட்டி, சிரியாக் மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கணிப்பு. கதைப்படி தோமா போய்ச் சேரும் ராஜாவின் பெயர் கொண்டோபாரஸ். அரண்மனை கட்ட ராஜா கொடுத்த பணத்தையெல்லாம் தோமா ஏழைகளுக்கு வாரி இறைத்துவிட்டு, உங்கள் அரண்மனை சொர்க்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கிறது என்கிறார். ராஜாவுக்கு வந்த கோபம் நியாயமானதுதான். இப்படி ஒரு ராஜா இருந்ததாக வெகுகாலம் எந்தச் சரித்திர ஆசிரியருக்கும் தெரியாது. 1830-களில் ஆப்கானிஸ்தானில் கிடைத்த பழைய நாணயங்களில் அவர் பெயர் இருந்தது. பெஷாவர் பக்கத்துத் தக்த்-இ-பாஹி கல்வெட்டிலும் இருந்தது. முதலாம் நூற்றாண்டில் வடமேற்கை ஆண்ட பார்த்திய ராஜா அவர். சரித்திரம் தொலைத்துவிட்ட ஒரு பெயரைக் கட்டுக்கதை என்று ஒதுக்கப்பட்ட புத்தகம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. இதனால் தோமா வந்தது நிரூபணமாகிவிட்டது என்று யாரும் துள்ள வேண்டாம். கதை எழுதியவருக்கு அந்த ராஜாவின் பெயர் எட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், தோமாவின் கல்லறை தங்கள் ஊரில்தான் என்று சொல்லும் மயிலாப்பூர்க்காரர்களுக்கு. அந்த நூலில் தோமாவை மலைக்குக் கூட்டிப்போய் நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்திக் கொல்கிறார்கள். பிறகு அவரைக் கொல்லச் சொன்ன ராஜாவின் மகனுக்கே நோய் வருகிறது. தோமாவின் எலும்பைத் தொட்டால் குணமாகும் என்று ராஜா கல்லறையைத் திறந்தால் எலும்பு இல்லை. மேற்கே எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்து மண்ணை அள்ளிப் போகிறார், பையன் பிழைக்கிறான். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கடற்கரையைப் பற்றி எழுதும் மார்க்கோ போலோ, தோமா இறந்த இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பதைச் சொல்கிறார். விவிலியத்துக்கு வெளியே நின்ற ஒரு கதை, ஆயிரம் வருடம் கழித்தும் கைமருந்தாகப் புழங்கியிருக்கிறது.

‘சர்ச் மறைத்த சுவிசேஷங்கள்’ என்று கிறிஸ்துமஸ் இதழுக்கு ஒன்று வேண்டும் என்றார் ஆசிரியர். மறைக்கவே இல்லையே என்றேன். அப்படியானால் அதை எழுதுங்கள் என்றார்.

மறைக்கவில்லை என்பதற்கு ஆதாரம் தேடி எகிப்துப் பாலைவனத்துக்குப் போக வேண்டியதில்லை. டிசம்பர் மாதம் எந்தக் கோயிலிலும் போட்டிருக்கும் குடிலைப் பார்த்தால் போதும். மாடும் கழுதையும் தீவனத் தொட்டிக்கு இருபுறமும் நிற்கின்றன. மத்தேயுவிலும் லூக்காவிலும் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. 4-ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பங்களிலேயே அவை வந்துவிட்டன. கதையாக எழுதிவைத்தது, 7-ஆம் நூற்றாண்டை ஒட்டி லத்தீனில் உருவான, மத்தேயுவின் பெயரைத் தாங்கிய ஒரு குழந்தைப்பருவ நூல். மாதாவின் அப்பா அம்மா பெயர் சுவக்கீன், அன்னம்மாள் என்று எங்கிருந்து தெரியும்? நான்கு நற்செய்திகளிலும் அந்தப் பெயர்கள் கிடையாது. ஆனால் ஜூலை 26 அவர்களுக்குத் திருநாள். மாதாவைச் சிறுமியாகக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்ததற்கு நவம்பர் 21. பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்தது ‘பேதுருவின் பணிகள்’ சொல்லும் கதை. சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் துணியோடு நிற்கும் வெரோணிக்காளின் பெயர் ‘பிலாத்துவின் பதிவுகள்’ வழியாக வந்தது. அங்கே அவர் இரத்தப்போக்கிலிருந்து குணமான பெண். துணிக் கதை பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

சுவக்கீனும் அன்னம்மாளும் வருவது யாக்கோபின் பெயரில் வழங்கும் முதல் நற்செய்தியில். 2-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. ரகசியப் புத்தகத்தை இத்தனை பேர் உட்கார்ந்து பிரதி எடுப்பார்களா? கீழைத் திருச்சபைகளில் மாதா திருநாட்களின்போது வாசித்தும் வந்திருக்கிறார்கள். மேற்கே மட்டும் ஜெரோம் போன்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. காரணம், அதில் சூசையப்பர் மனைவியை இழந்தவர், வளர்ந்த பிள்ளைகளுக்குத் தகப்பன்.

சுவக்கீன் வசதியானவர். பிள்ளை இல்லாதவன் முதல் ஆளாகக் காணிக்கை வைக்கக்கூடாது என்று கோவிலில் ஒருவர் தடுக்கிறார். அந்த அவமானத்தில் வீட்டுக்குப் போகாமல் வனாந்தரத்தில் கூடாரம் போட்டு நாற்பது நாள் உண்ணாமல் இருக்கிறார். இங்கே அன்னம்மாள் கணவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல், துக்க உடையில் இருக்கிறாள். வேலைக்காரி வேறு குத்திக் காட்டுகிறாள். தோட்டத்து மரத்தடியில் போய் உட்கார்ந்தால் மேலே குருவிக்கூடு. பறவைக்கும் குஞ்சு உண்டு, மிருகத்துக்கும் குட்டி உண்டு, தண்ணீருக்குள் மீன் உண்டு, பூமி விளைகிறது, நான் மட்டும் எதற்கும் ஒப்பில்லாமல் போனேனே என்று அவள் புலம்புவது ஒரு முழு அத்தியாயம். பிள்ளை இல்லாத பெண்ணுக்கு வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும் மரியாதை என்னவென்று எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இறையியல் தேடுகிறவர்கள் தேடட்டும். எனக்கு அந்தக் குருவிக்கூடு போதும்.

மகிழ்ச்சியான இடமும் உண்டு. மூன்று வயதில் மரியாவைக் கோவிலில் விடுகிறார்கள். திரும்பிப் பார்த்து அழுவாளோ என்று பெற்றவர்களுக்குப் பயம். அவளோ பலிபீடத்துப் படியில் உட்கார்ந்து, எழுந்து, நடனம் ஆடுகிறாள். பன்னிரண்டு வயதானதும் குருக்கள் கூடிக் கலந்து, மனைவியை இழந்த ஆண்களையெல்லாம் ஆளுக்கொரு கோலோடு வரச் சொல்கிறார்கள். சூசையப்பரின் கோலிலிருந்து ஒரு புறா பறக்கிறது. பிற்கால நூல்கள் கோலில் பூவும் பூக்க வைத்தன. நம் கோயில்களில் சூசையப்பர் சுரூபம் லீலி மலரோடு நிற்பதற்குப் பின்னால் இருப்பது அந்தப் பூ.

இதே நூலில் உலகம் நின்றுபோகும் இடம் ஒன்று வருகிறது. மரியாவுக்குப் பிரசவ வேளை. அவளைக் குகையில் விட்டுவிட்டு மருத்துவச்சி தேடி ஓடுகிறார் சூசையப்பர். அண்ணாந்து பார்த்தால் பறவைகள் வானத்தில் அப்படியே நிற்கின்றன. வேலையாட்கள் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், எடுத்த கை வாய்க்கு வரவில்லை. ஆடுகளை அடிக்க மேய்ப்பன் ஓங்கிய கோல் ஓங்கியபடி இருக்கிறது. ஆட்டுக்குட்டிகளின் வாய் ஆற்றுத் தண்ணீரில் பட்டும் குடிக்கவில்லை. ஒரே நொடி, பிறகு எல்லாம் ஓடத் தொடங்குகிறது. கதை சட்டென்று சூசையப்பரின் குரலுக்கு மாறி, நான் நடந்தேன், நடக்கவும் இல்லை என்று அவரே சொல்வதுபோல் போகிறது. ஆயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு முன்பு யாரோ ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது.

களிமண்ணில் குருவி செய்து பறக்கவிடும் குழந்தை இயேசுவைப் பற்றி முஸ்லிம் நண்பர்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள். குர்ஆனில் இருக்கிறது. விவிலியத்தில் இல்லை. தோமாவின் பெயரில் வழங்கும் குழந்தைப்பருவ நற்செய்தியில் இருக்கிறது. ஊர்விட்டு ஊர் போகும் கதைக்குப் பாஸ்போர்ட் எதற்கு?

‘திதாக்கே’ பற்றிச் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. கான்ஸ்டாண்டிநோபிள் மடாலய நூலகம் ஒன்றில், 1056-ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரு பிரதியில் 1873-இல் கண்டெடுக்கப்பட்டு, 1883-இல் அச்சேறியது. புதன், வெள்ளி நோன்பு இருங்கள், ஓடும் தண்ணீர் இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றி ஞானஸ்நானம் கொடுங்கள் என்றெல்லாம் ஆரம்ப காலச் சபைகளுக்கு நடைமுறை சொல்லும் சின்னப் புத்தகம். வெளியூரிலிருந்து வரும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் ஆள் போலி. புறப்படும்போது பணம் கேட்டாலும் போலி. இதை மட்டும் எல்லா ஊழியக் கூட்டங்களின் வாசலிலும் அச்சடித்து ஒட்டலாம்.

அப்படியானால் யார், எப்போது இவற்றை விவிலியத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்? ஒரு துப்பறியும் நாவல் சொல்லிவிட்டது என்பதற்காக 325-ஆம் ஆண்டு நைசீயா சங்கத்தில் ராத்திரியோடு ராத்திரியாக நடந்தது என்று நம்புகிறவர்கள் நிறைய. நைசீயாவில் புத்தகப் பட்டியல் பேசவே இல்லை. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 நூல்களை மட்டும் சொல்லும் முதல் பட்டியல் நமக்குக் கிடைப்பது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில். அதே கடிதத்தில் திதாக்கேயையும் ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’ நூலையும் பட்டியலில் சேராவிட்டாலும் புதிதாக வருகிறவர்கள் வாசிக்கலாம் என்கிறார். மற்ற பலவற்றைத் திட்டவும் செய்கிறார். வெகு காலம் வாசித்து, சண்டை போட்டு, சலித்து வந்த தேர்வு அது. இயேசுவின் வாக்குகளைத் தொகுத்த, குழந்தைப்பருவக் கதையிலிருந்து வேறான தோமா நற்செய்தியில், நான்கு நற்செய்திகளை விடவும் பழைய வாக்குகள் சில இருக்கக்கூடும் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. இருக்கலாம்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. ‘ரகசியம்’ என்ற ஒரு வார்த்தைக்குச் சந்தையில் கிடைக்கும் விலை பற்றியது.

1970-களில் எகிப்தில் மின்யா மாகாணத்துப் புதைகுகை ஒன்றிலிருந்து பாப்பிரஸ் ஏட்டுக்கட்டுகள் சில வெளியே வந்தன. ஒன்றில் கோப்திக் மொழியில் யூதாஸின் நற்செய்தி இருந்தது. 1983-இல் ஜெனீவாவின் ஓர் ஓட்டலில் வைத்து அறிஞர்கள் சிலருக்குக் கொஞ்ச நேரம் காட்டினார்கள். கேட்ட விலை 30 லட்சம் டாலர். வந்தவர்களிடம் அவ்வளவு பணம் இல்லை. அடுத்த வருடம் நியூயார்க் மாநிலத்தில் ஹிக்ஸ்வில் என்ற ஊரில் ஒரு வங்கி லாக்கருக்குள் போனது, பதினாறு வருடம் அங்கேயே கிடந்தது. பதினாறு நூற்றாண்டுகள் பாலைவன வறட்சியில் தாக்குப்பிடித்த ஏடு, அமெரிக்கப் புழுக்கத்தில் பொடியத் தொடங்கியது. 2000-இல் கைமாறியது. பிறகு அதை வாங்க முயன்ற ஒருவர் பத்திரப்படுத்துவதாக நினைத்து உறைபெட்டியில் வைத்தார். ஈரம் உருகி நார் தளர்ந்தது, மை கறுத்தது. செப்பனிடுகிறவர்களிடம் வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய ஆயிரம் துண்டுகள். ஐந்து வருடம் இடுக்கியோடு உட்கார்ந்து ஒட்டியும் பல இடங்கள் காணோம்தான்.

2006-இல் உலகமெங்கும் தலைப்புச் செய்தி: யூதாஸ் துரோகி அல்ல. வெளியிடும் நாள்வரை கமுக்கமாக வைத்திருந்ததால் மற்ற அறிஞர்கள் யாரும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. படித்த பிறகு, இந்த நூலின் யூதாஸ் நல்லவனே இல்லை என்று பலர் எழுதினார்கள். அது அந்த அளவுக்குத் தலைப்புச் செய்தியாகவில்லை.

எகிப்தின் நாக் ஹம்மாதியிலும் இதே கூத்து. 1945-இல் ஜாடிக்குள் கிடைத்த 13 ஏட்டுக்கட்டுகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள். சிலவற்றை வைத்து வீட்டில் அடுப்பெரித்தார்கள் என்று ஒரு கதை உண்டு, அதை இப்போது பலர் நம்புவதில்லை. அடுப்பில் போனதோ இல்லையோ, வியாபாரிகள் கையில் போனது உண்மை. ஒரு கட்டு நாடு கடந்து 1952-இல் சுவிட்சர்லாந்துக்கு விலைபோனது, பிறகுதான் கெய்ரோவுக்குத் திரும்பியது. எல்லா அறிஞர்களும் பார்க்கும்படி நிழற்படப் பதிப்பு தொடங்க 1972 ஆகிவிட்டது.

அசல் கிடைக்காதவன் போலி செய்வான். 2012-இல் ஒரு விசிட்டிங் கார்டு அளவு கோப்திக் துண்டு, இயேசு ‘என் மனைவி’ என்று சொல்வதாகச் சொல்லிப் பரபரப்பாக வெளிவந்தது. பாப்பிரஸ் பழசு. வாசகங்கள் தோமா நற்செய்தியிலிருந்து அங்கொன்று இங்கொன்றாக எடுத்துக் கோத்தவை. இணையத்தில் கிடந்த ஒரு பிரதியின் எழுத்துப்பிழை வரை அப்படியே இருந்தது. 2016-இல் போலி என்று முடிவானது. இப்படிச் செய்யத் தேவையானது எழுதாத பழைய பாப்பிரஸ் துண்டு. அதுவும் விற்பனைக்குக் கிடைக்கிறது. உள்ளே நற்செய்தித் துண்டு இருக்கும் என்ற நப்பாசையில் மம்மி முகமூடிகளை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்தவர்களும் உண்டு. முகமூடி போனது போனதுதான்.

இதற்கு நேர்மாறாக எகிப்தின் ஆக்சிரிங்கஸ். ஊர்க் குப்பைமேடு. 1897-இல் இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள் முறையாகத் தோண்டினார்கள். இயேசுவின் வாக்குகள் கொண்ட கிரேக்க ஏடு ஒன்று கிடைத்தது. அதே மேட்டில் வரி ரசீதும், கடன் பத்திரமும், வீட்டுக்கு எழுதிய கடிதமும் கிடைத்தன. எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக எடுத்துப்போய் இன்றுவரை ஒவ்வொன்றாக வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஏடு தோமா நற்செய்தியின் பகுதி என்று தெரிய நாக் ஹம்மாதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த ஊர் மேட்டில் கிடைத்தது என்ற குறிப்பு இருந்ததால் அந்தக் காத்திருப்பு வீணாகவில்லை. மின்யா குகையைப் பற்றி அப்படி ஒரு குறிப்பும் கிடையாது. யார் சவப்பெட்டி அருகே யூதாஸின் புத்தகத்தை வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பது கேட்க முடியாத கேள்வியாகிவிட்டது.

அந்தக் குகையிலிருந்து யூதாஸ் தனியாக வரவில்லை. கூடவே கிரேக்கத்தில் ஒரு யாத்திராகமம், கோப்திக்கில் பவுலின் கடிதங்கள், கிரேக்கத்தில் ஒரு கணிதப் புத்தகம் இருந்தன. விற்றவர்கள் அவற்றை ஏடு ஏடாகப் பிரித்தார்கள், வெவ்வேறு கைகளுக்குப் போய்விட்டன. பவுலையும் கணிதத்தையும் ஒரே குகையில் வைத்திருந்த அந்த வாசகர் யாரென்று அறிய எனக்கு ஆசை. கணிதப் புத்தகத்துக்காக யாரும் இதுவரை சிறப்பிதழ் போட்டதில்லை.