நிதி திரட்டுக்குப் பிறகு: புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான உதவிகள்

வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளி ஓடுகிறது. மாணவர்கள் சிலர் உண்டியலோடு பெருவிரைவு ரயில் நிலைய வாசலில் நிற்கிறார்கள். "இதைப் பற்றி உன் கருத்து என்ன?" என்று தேர்வாளர் கேட்கிறார். பெரும்பாலான மாணவர்களின் பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "நாம் இயலாதவர்களுக்கு உதவ வேண்டும். நிதி திரட்டுவது நல்ல செயல். வாய்ப்புக் கிடைத்தால் நானும் செய்வேன்." இதில் தவறு ஒன்றும் இல்லைதான். ஆனால், "அந்தப் பணம் எதற்குப் போகிறது?" என்ற அடுத்த கேள்வி வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.

அந்த இரண்டாம் கேள்விக்காகவே இக்கட்டுரை. புற்றுநோய்க்கான நிதி திரட்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் மாணவர்கள் நேரடியாகப் பங்குபெறும் சமூகப்பணிகளில் இதுவும் ஒன்று. வீட்டிலும் பலருக்கு இது தெரிந்த விஷயம், பேசத்தான் தயங்குகிறோம். "அத்தைக்கு உடம்பு சரியில்ல, பெரிய வியாதி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோமே தவிர, நோயின் பெயரைச் சொல்லமாட்டோம்.

முதலில் ஒரு சொல். ஆங்கிலத்தில் 'சர்வைவர்' என்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது? 'உயிர் பிழைத்தவர்' என்றால் விபத்திலிருந்து தப்பியவர்போலத் தொனிக்கிறது. 'வென்றவர்' என்றால், மீளாமல் போனவர் தோற்றவரா என்ற கேள்வி வரும். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. 'மீண்டவர்' ஓரளவு பொருந்துகிறது. ஆனாலும் மீளுதல் ஒரே நாளில் முடிகிற காரியமல்ல.

இதை முதலில் தெளிவாக எழுதியவர்களுள் ஒருவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன். தமக்கே புற்றுநோய் வந்து மீண்டவர். 1985இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், 'குணமானவர், குணமாகாதவர்' என்ற இரண்டே பிரிவுகள் போதா என்றார். நோயைக் கண்டறிந்து சிகிச்சை பெறும் காலம் ஒரு பருவம். சிகிச்சை முடிந்து, நோய் திரும்பிவருமோ என்ற அச்சத்தோடும் உடல் தளர்ச்சியோடும் வீட்டில் இருக்கும் காலம் இன்னொரு பருவம். நோய் திரும்பாது என்ற நம்பிக்கை வலுத்து, ஆனால் வேலை, காப்புறுதி, உடல் மாற்றம் போன்றவற்றில் அதன் தடம் தொடரும் காலம் மூன்றாவது. அடுத்த ஆண்டே முல்லனும் வேறு சிலரும் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு, நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஒருவர் 'சர்வைவர்' என்று வரையறுத்தது.

இந்த இரண்டாம் பருவத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் கூட்டம் மருத்துவமனையில் இருக்கும். சிகிச்சை முடிந்ததும், "அதான் சரியாயிடுச்சே" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். உதவி அதிகம் தேவைப்படுவது பெரும்பாலும் அதன்பிறகுதான்.

இனி நிதி திரட்டுக்கு வருவோம். நம் மாணவர்களுக்கு நன்கு தெரிந்தது 'ஹேர் ஃபார் ஹோப்'. 1992இல் தொடங்கப்பட்ட சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம் 2003 முதல் இதை நடத்திவருகிறது. கலந்துகொள்பவர்கள் மொட்டை அடித்துக்கொள்கிறார்கள். அவர்களை ஆதரித்து நண்பர்களும் உறவினர்களும் நன்கொடை தருகிறார்கள். ஏன் மொட்டை? கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்றணுக்கள் மட்டுமல்ல, முடியின் வேரில் உள்ள அணுக்களும் வேகமாகப் பிரிபவையே. அதனால் முடி கொட்டுகிறது. சிகிச்சை பெறும் பிள்ளை கண்ணாடியில் பார்ப்பதை நாமும் நம் கண்ணாடியில் பார்க்கிறோம் என்பதே நிகழ்ச்சியின் கருத்து.

தமிழர்களுக்கு மொட்டை புதிதல்ல. பழனியிலும் திருப்பதியிலும் நேர்ந்துகொண்டு முடி இறக்குகிறோம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பக்தர்களிலும் மொட்டைத் தலைகளைப் பார்க்கலாம். ஆகவே நம் வீட்டுப் பையன், "மொட்டை போடப்போறேன்" என்றால் பெரிதாக யாரும் அதிர்ச்சி அடையமாட்டார்கள். பெண்பிள்ளை சொன்னால்? அங்கேதான் விவாதம் தொடங்குகிறது.

2013இல் இங்குள்ள பெண்கள் பள்ளி ஒன்றில் நடந்தது அதுதான். ஹேர் ஃபார் ஹோப்பில் மொட்டையடித்துக்கொண்ட மாணவிகளைப் பள்ளியில் விக் அணியச் சொன்னார்கள். விஷயம் வெளியே வந்ததும் நாடெங்கும் பேச்சு. பள்ளி விதி பெரிதா, மாணவியின் நோக்கம் பெரிதா? மறைப்பதற்காகவா மொட்டை அடித்துக்கொண்டார்கள்? மறுபக்கம், ஒப்புக்கொண்ட விதியை மதிக்க வேண்டாமா? முடிவில், பெற்றோர் சம்மதம் இருந்தால் விக் தேவையில்லை என்று ஏற்பாடானது. உயர்நிலை வகுப்பில் விவாதப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான உள்ளூர்ச் சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு நிகழ்ச்சி 'ரிலே ஃபார் லைஃப்'. 1985 மே மாதம் அமெரிக்காவின் டகோமா நகரில் கோர்டி கிளாட் என்ற அறுவைச்சிகிச்சை மருத்துவர் ஒரு விளையாட்டரங்கின் ஓடுபாதையைத் தனி ஆளாக 24 மணி நேரம் சுற்றினார். சுமார் 133 கிலோமீட்டர் ஓடியும் நடந்தும் கடந்தார். நண்பர்கள் ஆளுக்கு 25 டாலர் கொடுத்து அரை மணி நேரம் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். திரண்ட தொகை 27,000 டாலர். இன்று பல நாடுகளில் குழுகுழுவாக இரவெல்லாம் மாறிமாறி நடக்கிறார்கள். 1964இல் உருவான சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 2017 முதல் இதை இங்கே நடத்துகிறது. முதல் சுற்றை மீண்டவர்கள் நடப்பது வழக்கம்.

இப்போது அந்த இரண்டாம் கேள்வி. "சிங்கப்பூர்லதான் மெடிஷீல்டு இருக்கே, அப்புறம் எதுக்கு நன்கொடை?" என்று கேட்கும் மாணவரை அதட்டாதீர்கள், நல்ல கேள்வி. மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ், மெடிஃபண்ட் மூன்றும் இருப்பது உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. 2022 செப்டம்பர் முதல், புற்றுநோய் மருந்துகளில் அரசு பட்டியலில் உள்ளவற்றுக்கே மெடிஷீல்டு லைஃப் பணம் தருகிறது, அதிலும் மாத உச்சவரம்போடு. தவிர, காப்புறுதி மருத்துவக் கட்டணத்தைப் பார்க்கும். டாக்சிக் கட்டணத்தையோ சம்பளம் இல்லாத விடுப்பையோ சத்துமாவையோ பார்க்காது. தாய் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு மருத்துவமனையில் இருந்தால் வீட்டு வருமானம் பாதியாகும். திரட்டிய நிதி நிரப்புவது பெரும்பாலும் இந்த இடைவெளிகளைத்தான்.

மறுபாதி, ஆட்களின் சேவைக்குப் போகிறது. பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இரத்தப் புற்றுநோய். அதில் பரவலான வகைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். பெரும்பாலான பிள்ளைகள் மீண்டுவிடுகிறார்கள். ஆனால் தொடக்கநிலை நான்கில் போன பிள்ளை எந்த வகுப்புக்குத் திரும்பும்? நண்பர்கள் மேலே போயிருப்பார்கள். தொப்பியைக் கழற்றினால் சிரிப்பார்களோ என்ற பயம் வேறு. அதனால்தான் சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம் சிகிச்சைக் காலத்தில் படிப்புக்கு உதவுவதோடு, பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது ஆசிரியர்களிடமும் வகுப்புத் தோழர்களிடமும் பேசி வழிசெய்து கொடுக்கிறது. இது தொற்றுநோய் அல்ல என்ற ஒரு செய்தியை வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிட்டாலே பாதிச் சங்கடம் குறையும்.

பெரியவர்களுக்குச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் ஜூரோங் ஈஸ்ட்டில் ஜெம் கட்டடத்தில் மறுவாழ்வு நிலையம் வைத்திருக்கிறது. அதன் ஆதரவுக் குழுக்களின் பெயர்கள் மொழியாசிரியர்களுக்குச் சுவையாக இருக்கும். பெருங்குடல் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் குழு 'செமிகோலன்ஸ்'. ஆங்கிலத்தில் 'கோலன்' பெருங்குடலையும் குறிக்கும், நிறுத்தற்குறியையும் குறிக்கும். அரைப்புள்ளி என்றால் வாக்கியம் முடியவில்லை, தொடர்கிறது. குரல்வளை அகற்றப்பட்டவர்களின் குழுவுக்கு 'நியூ வாய்ஸ் கிளப்' என்று பெயர். நோயைப் பற்றிச் சிரித்துப் பேச முடிகிறது என்பதே ஒருவகை மீட்சிதான், இல்லையா?

மார்பகப் புற்றுநோய் அறநிறுவனம் 1997இல் தொடங்கியது. அதன் 'பிங்க் பேடலர்ஸ்' டிராகன் படகு விடும் பெண்கள் குழு. அறுவைச்சிகிச்சைக்குப் பிறகு கைக்குக் கடும் பயிற்சி கூடாது, கை வீங்கிவிடும் என்று முன்பு மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மீண்ட பெண்கள் 24 பேரைப் படகில் ஏற்றிப் பயிற்சி கொடுத்தார். யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. அதன்பிறகு உலகெங்கும் இப்படிப்பட்ட குழுக்கள் தோன்றின. 'உதவி' என்றால் ஓய்வு கொடுப்பது என்றே நினைக்கும் நமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

பணத்தைக் கொடுத்தால் போதுமா, கணக்குக் கேட்கக்கூடாதா? கேட்கலாம், கேட்கவேண்டும். 2005இல் தேசியச் சிறுநீரக அறநிறுவன விவகாரம் நீதிமன்றத்தில் வெடித்தது. புற்றுநோய்க்கென்றும் தொலைக்காட்சிக் கலைநிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டிய நிறுவனம் அது. தலைமை நிர்வாகியின் அறைக் குளியலறையில் தங்கமுலாம் பூசிய குழாய் என்ற செய்தி இன்றும் பலருக்கு மறக்கவில்லை. அதன்பிறகு விதிகள் இறுகின. நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அறநிறுவனங்களுக்கான விதி. தெருவில் உண்டியல் ஏந்த உரிமம் வேண்டும். அறநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை அவற்றுக்கான அரசு இணையவாசலில் யாரும் படிக்கலாம். கொடிநாளன்று ஸ்டிக்கர் ஒட்டும் மாணவரிடம் ஒருவர், "தம்பி, இது எந்த நிறுவனம்? காசு எங்க போகுது?" என்று கேட்டால், பதில் தெரிந்திருக்க வேண்டியது அந்த மாணவரின் கடமை.

லிட்டில் இந்தியாவுக்கு வருவோம். தேக்காச் சந்தையில் காய்கறி வாங்குபவர்கள் கூப்பிடு தூரத்தில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய் வந்த பிள்ளைகள் பலர் சிகிச்சை பெறும் இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தெருக்களை நிறைக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மெடிஷீல்டு இல்லை. முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதியின் குறைந்தபட்ச வரம்பு 2023 ஜூலையில்தான் ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளிக்கு உயர்ந்தது. உதவிநிதிகள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே. புதுக்கோட்டையிலிருந்து வந்த ஊழியருக்குப் புற்றுநோய் என்றால், சிகிச்சையை இங்கே தொடர்வதா, ஊருக்குப் போவதா என்பதைப் பணமே முடிவுசெய்யக்கூடும். 'யாருக்கு உதவி எட்டவில்லை?' என்று மேல்நிலை மாணவர்கள் எழுத முற்பட்டால், இங்கிருந்து தொடங்கலாம்.

தமிழர் பங்களிப்பு என்று கேட்டால் இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் யாருக்கு என்ன புற்றுநோய் வருகிறது என்று முறையாகப் பதிவுசெய்யும் தேசியப் பதிவகம் 1968இல் இயங்கத் தொடங்கியது. அதை நிறுவியவர் நோய்க்குறியியல் பேராசிரியர் க. சண்முகரத்தினம், அதிபர் தர்மனின் தந்தை. எத்தனை பேர் என்று தெரியாமல் எந்தச் சேவையையும் திட்டமிட முடியாது. மற்றவர் சென்னையின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்த நோய் வந்தால் சாவுதான் என்று எல்லாரும் நம்பிய காலத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தலைப்பைக் கட்டுரைக்குக் கொடுக்குமுன், வகுப்பில் யார் வீட்டிலாவது இந்த நோய் இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்றுத் தலைப்பு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். யாரையும் சொந்த அனுபவத்தை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி. மருத்துவர் ஆங்கிலத்தில் பேசுகிறார், பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும், நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர். நிறையப் பேரப்பிள்ளைகள் இந்த வேலையை ஏற்கெனவே செய்கிறார்கள். 'பயாப்சி' திசுச் சோதனை. 'ரேடியேஷன்' கதிரியக்கச் சிகிச்சை. தமிழ்நாட்டில் "கரண்ட் வைக்கிறாங்க" என்பார்கள், அதைக் கேட்டுப் பாட்டி மின்சாரம் என்று பயந்துவிடக்கூடாது. 'ரிமிஷன்' என்று மருத்துவர் சொன்னால், "நோய் போயிடுச்சு பாட்டி" என்று சொல்லிவிடாதீர்கள். நோய் அடங்கியிருக்கிறது, இப்போதைக்குச் சோதனையில் தெரியவில்லை என்பதே பொருள். பாட்டி பயப்படாமலும், அடுத்த பரிசோதனைக்கு வரமறுக்காமலும் இருக்கும்படி அதை மூன்று வாக்கியங்களில், வீட்டில் பேசும் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள்.