படத்தின் பின்புறம்

ஓலையில் நூல் எழுதிய நம் முன்னோர், கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடாமல், இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன ஊரில், இன்னாருடைய ஏட்டைப் பார்த்து இன்னார் எழுதியது என்று இரண்டொரு வரி சேர்ப்பது உண்டு. நூலின் பகுதியாகாத அந்த வரிகளே, பிற்காலத்தில் ஏடு தேடி வந்தவர்களுக்கு அந்தச் சுவடியின் வயதையும் வழியையும் சொல்லின. ஒரு பொருளுக்குப் புறம்பே நின்று அப்பொருளைப் பற்றிச் சொல்லும் இவ்வகை விவரத்துக்குக் கணினி உலகத்தார் இட்ட பெயர் மெட்டாடேட்டா. தமிழில் மீதரவு என்பர்.

தச்சநல்லூரில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய கலியாணப் படத்தை இறக்கி, தூசி துடைத்து, ஸ்கேனரில் வைக்கிறோம் என்று கொள்வோம். அந்த யந்திரம் ஒளியையும் நிழலையும், அட்டையில் பூத்த பூஞ்சையையும்கூட, ஒளிவுமறைவின்றிப் பிரதி செய்து தரும். ஆனால் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்று அதற்குத் தெரியாது. தெரியாததோடு நில்லாமல் சில சமயம் பிழையும் சொல்லும். காமிரா தானே கோப்புக்குள் குறிப்பெழுதுவதற்கென்று 1995இல் ஜப்பானியத் தொழில்துறையினர் வகுத்த எக்ஸிஃப் என்னும் முறையை ஒட்டி, ஸ்கேன் செய்த நாளையே படத்தின் நாளாகக் குறித்துவிட்டால், நம் பாட்டியின் கலியாணம் சென்ற வாரம் நடந்ததாக ஆகிவிடும். ஆகையால் மனிதர் எழுத வேண்டியதை மனிதரேதான் எழுதியாக வேண்டும்.

எழுதுவதையும் ஆளுக்கொரு விதமாக எழுதினால் பிரயோஜனமில்லை என்பதை உணர்ந்த நூலகர்களும் கணினி அறிஞர்களும், 1995 மார்ச் மாதம் டப்ளின் என்ற ஊரில் கூடிப் பேசினார்கள். அயர்லாந்தின் தலைநகரன்று, அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்துச் சிற்றூர். ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால் நேரும் மயக்கத்துக்கு இதுவே தக்க உதாரணம். அக்கூட்டத்தில் முளைத்த டப்ளின் கோர் என்னும் தரமுறை, தலைப்பு, படைத்தவர், பொருள், வர்ணனை, தேதி, மூலம், உரிமை என்பன முதலான 15 கூறுகளை உடையது. அவ்வளவும் சாதாரணக் கேள்விகளே. நம் நாட்டுப் படத்துக்கு விடை எழுதும்போதுதான் அவற்றின் ஆழம் தெரிகிறது.

தேதியை எடுத்துக்கொள்வோம். படத்தின் பின்புறத்தில் ‘பவ வருஷம் தை மாதம்’ என்று பென்சிலால் எழுதியிருந்தால், அறுபது வருஷச் சக்கரத்தில் பவ வருஷம் 1874, 1934, 1994 ஆகிய மூன்று சித்திரைகளில் பிறந்திருப்பதால், எந்தப் பவ என்ற சந்தேகம் எழும். பக்கத்திலேயே ‘கொல்லம் 1110’ என்றும் இருந்துவிட்டாலோ சிக்கல் அவிழ்ந்துவிடும். திருநெல்வேலிச் சீமையில் நெடுங்காலம் வழங்கிய கொல்லம் ஆண்டோடு தை மாதத்துக்குரிய 825ஐக் கூட்டினால் 1935 என்று வரும். அதாவது அவ்வருஷம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரையுள்ள ஒரு நாள். இதை வருஷம் முதலிலும் மாதம் அடுத்தும் நாள் கடைசியிலுமாக எழுதுவது சர்வதேச முறை. ஏனெனில் 3-4-1935 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. கொல்லம் ஆண்டும் இல்லை, உடையையும் அட்டையையும் பார்த்து ஊகிப்பதுதான் வழி என்றால், ‘1935~’ என்று ஓர் அலைக்கோட்டைச் சேர்த்து, இது உத்தேசம் என்று ஒப்புக்கொள்ளவும் அந்தச் சர்வதேச முறைக்கு 2019இல் வெளிவந்த விதிகள் இடம் தருகின்றன. பின்புறத்தில் கண்ட எழுத்தை எழுத்துப்பிழையோடு அப்படியே வர்ணனையில் பெயர்த்து வைத்து, நாம் கணக்கிட்டதைத் தேதியில் வைப்பது உத்தமம். கண்டதும் கருதியதும் கலக்கலாகாது.

இடத்திலும் இதே நியாயந்தான். டின்னவெல்லி என்றும் திருநெல்வேலி என்றும் நெல்லை என்றும் மூவர் எழுதினால், ஒன்றைத் தேடுகிறவனுக்கு மற்ற இரண்டும் அகப்படா. ஆகவே ஒரு பெயரை நிலைப்பெயராகக் கொண்டு மற்றவற்றை அதனோடு பிணைக்க வேண்டும். தச்சநல்லூர் 1994இல் திருநெல்வேலி மாநகராட்சியோடு இணைந்தது. தென்காசி 2019இல் தனி மாவட்டமாயிற்று. ஆனால் பழைய படங்களின் அட்டைகள் அந்தக் காலத்து ஜில்லாவிலேயே இருந்துகொண்டிருக்கின்றன. ஆட்பெயரிலோ, மேல்நாட்டுப் படிவம் குடும்பப் பெயர் கேட்க, நாம் ஊரையும் தகப்பனாரையும் இரண்டு தலையெழுத்தாகச் சுருக்கி நிற்கிறோம். அவ்விரண்டையும் விரித்தெழுதாவிட்டால் ஊருக்கு நூறு சுப்பிரமணியர்களில் இவர் எவர் என்று தெரியாது.

இதெல்லாம் வீண் சிரமமன்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி செய்தபோது, லண்டன் பிரிட்டிஷ் நூலகம் அழிவை எதிர்நோக்கும் ஆவணங்களுக்காக நடத்தும் திட்டத்தில் அந்தப் பணி 737 என்ற எண்ணைப் பெற்றது. அத்தகைய அடையாள எண்ணும், ஒரே சீரான விவரமும் சேர்ந்தே, ஏதோவொரு வீட்டுச் சுவரில் இருந்த படத்தைக் கடல் கடந்த வாசகனும் தேடியெடுக்க வழி செய்கின்றன. பத்திரிகையுலகத்தார் வகுத்த ஐபிடிசி முறைப்படி விவரத்தைப் படக்கோப்புக்குள்ளேயே பொதிந்தும் வைக்கலாம். ஆனால் வாட்ஸப்பில் படமாக அனுப்பும்போது அது பெரும்பாலும் உதிர்ந்துபோவதால், தனிப் பட்டியல் ஒன்றும் வீட்டில் இருப்பது நல்லது.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு தெருவுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, படத்தைப் பிரதி செய்து வைக்க வேண்டுமென்று எவரும் உபதேசிக்கத் தேவையில்லை. பிரதி செய்தபின், படத்தின் மேல் மெல்லிய தாளொன்றைப் பரப்பி, இடமிருந்து வலமாகத் தலைகளுக்கு எண்ணிட்டு, ஆச்சியின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவர்கள் சொன்ன பெயர்களைச் சொன்னவாறே எழுதி, ‘இது யாருன்னு தெரியலியே’ என்ற இடத்தைத் தெரியாததாகவே விட்டு, 15 கூறுகளுள் ‘பங்களித்தவர்’ என்றொரு கூறு இருக்கிறதல்லவா, அதில் ஆச்சியின் பெயரையும், வர்ணனையின் முடிவில் கேட்டெழுதிய நாளையும் குறித்துவிட்டால், அந்த ஓலையின் கடைசி வரியைத்தான் நாமும் எழுதியவர்களாவோம்.