இரவல் மெட்டு

ஒருவரின் மெட்டை இன்னொருவர் எடுத்தாள்வது திருட்டா? பெயரைச் சொல்லி எடுத்தால் இல்லை என்பேன். ஜெர்மானியர் பாக் 1720இல் தனி வயலினுக்கு ஒரு முன்னிசை எழுதினார், பக்கவாத்தியம் கிடையாது. 1731இல் அவரே அதை ஓர்கன், எக்காளம், முரசு சேர்த்து இசைக்குழுவுக்கு மாற்றினார். 1986இல் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் இளையராஜா அதே முன்னிசையை வி. எஸ். நரசிம்மனின் வயலினுக்குக் கொடுத்து, தன் தந்திக்கருவிகளைச் சுற்றிலும் பேசவிட்டார். பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகவே தலைப்பும் வைத்தார்.

எங்கள் கற்பிட்டியில் ஒரே பைத்தை ஒருவர் இழுத்தும் ஒருவர் விரைந்தும் ஓதுவார்கள். அங்கே மெட்டு மாறுகிறது. இங்கே மெட்டு நிற்க, அதன் அயல் மாறுகிறது. தனி வயலினுக்குள் மறைந்திருந்த குரல்களை மற்றக் கருவிகள் வெளியே எடுக்கின்றன. கேட்கும்போது வயலினை விட்டு, அடியில் நடக்கும் கனத்த தந்திகளைப் பின்தொடருங்கள். எனக்கு அங்கேதான் இளையராஜா தெரிகிறார்.