காவல் எல்லார்க்கும் பொதுவா?

காவல் துறையில் ஆள் போதவில்லை என்ற குறையை அடிக்கடி கேட்கிறோம். இருக்கும் காவலர் யாருக்காக நிற்கின்றனர், யார் மீது நிற்கின்றனர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மதுரை மண்ணின் வரலாறே இதற்குச் சான்று.

1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றமாக்கியது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் காவல் நிலையத்தில் கைரேகை பதிய வேண்டும். இரவில் அங்கேயே வந்து படுக்கவும் வேண்டும். இதனை எதிர்த்துப் பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று திரண்டபோது போலீஸார் சுட்டனர். பதினாறு பேர் மாண்டனர். மாயக்காள் என்னும் பெண்ணும் அவர்களுள் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் நீங்கியது. ஒரு சமூகத்தின் மீது காவல் அளவுக்கு மீறிக் குவிந்த கதை இது.

காவல் இல்லாமற்போன கதையும் இங்கேயே உண்டு. மேலூரை அடுத்த மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பினால் தடைப்பட்ட தேர்தல், 1996-இன் இறுதியில் பலத்த போலீஸ் காவலுடன் நடந்தேறியது. வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பேருந்தில் திரும்புகையில் தோழர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். 2001-இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆயினும் வாக்குப்பெட்டிக்குக் கிடைத்த காவல், வென்றவரின் உயிருக்குக் கிடைக்கவில்லையே!

ஆகவே, காவலரின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் நீதி வந்துவிடாது. ஆபத்து எங்குள்ளதோ அங்கே காவல் செல்ல வேண்டும். காவலர் கூட்டத்திலும் எல்லாச் சமூகத்தாரும் இருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் (1995) இவ்விரண்டையும் அரசின் கடமையாக்கியுள்ளன. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளைக் கண்டறிந்து முன்கூட்டியே காக்க வேண்டும். நிலைய அளவிலேயே தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் போதிய அளவில் பணியில் இருக்க வேண்டும். புகார் கூற வருபவர், தம் நிலை உணர்ந்த ஒருவரையேனும் அங்கே காணும்போது அச்சம் குறையும் அன்றோ?

நம் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. சீருடைப் பணியாளர் தேர்வுக்கு நம் பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, ஆயத்தப்படுத்துவோம். கிராம சபையில் நம் தெருவுக்கு மட்டுமன்று, சேரித் தெருவுக்கும் காவல் கேட்போம். அடுத்த தெருவார் அஞ்சி உறங்கும் ஊரில், நம் வீட்டுத் தாழ்ப்பாள் மட்டும் நம்மைக் காத்துவிடுமா?