பருவத்தில் கைக்கு வரும் பணம்

சொற்ப நிலமுடைய குடியானவரின் கஷ்டத்திற்கு வருமானக் குறைவு மாத்திரம் காரணமன்று. பணம் வேண்டிய காலத்தில் வாராமையும் காரணமாகும். அறுவடையில் வந்தது பழைய கடனுக்குப் போய்விடுகிறது. விதையும் உரமும் வாங்கவேண்டிய சமயத்தில் கையில் காசு இருப்பதில்லை.

அப்பொழுது 2,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால், ஐந்து மாதத்தில் வட்டி மாத்திரம் 300 ரூபாய் ஆகிறது. கடன் கொடுத்தவர் நெல் வியாபாரியாகவும் இருப்பின், களத்திலேயே அவர் சொல்லும் விலைக்கு நெல்லை அளந்துவிட நேரும். இந்த நஷ்டம் வட்டியினும் பெரிது.

இக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டு, மத்திய சர்க்கார் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டத்தைத் தொடங்கினார்கள். தகுதியுள்ள குடும்பமொன்றுக்கு வருஷம் 6,000 ரூபாய், நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 2,000 வீதம், நேரே பாங்கிக் கணக்கில் சேர்கிறது. தொடக்கத்தில் 2 ஹெக்டேர் வரையுள்ளவர்க்கே என்றிருந்த வரம்பு அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. வருமானவரி செலுத்துவோர் இதற்கு உரியவரல்லர்.

ஒரு தவணைப் பணத்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கலாம். 2025-ஆம் ஆண்டு விலைப்படி 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்று 1,350 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று 266 ரூபாய் 50 காசு. டி.ஏ.பி. ஒன்றும் யூரியா இரண்டும் வாங்க 1,883 ரூபாய் ஆகும். ஓர் ஏக்கர் சம்பா நெல்லுக்கு வேண்டிய மணிச்சத்து முழுவதும், தழைச்சத்தில் பெரும்பகுதியும் இதில் அடங்கிவிடும். ஆகஸ்டு முதல் நவம்பர் வரையிலான தவணை நாற்றங்கால், நடவுப் பருவத்தை ஒட்டியது. அதைப் பிற செலவில் கரைக்காமல் உரத்திற்கு ஒதுக்குதல் நலம். மற்றத் தவணைகள் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் செலவாகுமாயின் அதுவும் வீணன்று. அவசரத்திற்கு ஆட்டை விற்காமலும் நகையை அடகு வைக்காமலும் தப்பும் குடும்பம், அடுத்த போகத்தைத் தெம்புடன் தொடங்கும்.

பணம் தடைப்படாமலிருக்கக் குடியானவர்கள் கவனிக்கவேண்டியவை:

(1) பட்டா இறந்த தகப்பனார் பெயரிலேயே இருப்பின், வாரிசுகள் தாமதமின்றிப் பெயர் மாற்றம் செய்துகொள்ளவேண்டும்.

(2) கூட்டுப் பட்டாவாயின், தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே பதிவு செய்துகொள்ளலாம். புருஷன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்ததே ஒரு குடும்பம்.

(3) ஆதார் எண் பாங்கிக் கணக்குடன் இணைந்திருக்கவேண்டும். மின்னணு முறையில் தம் அடையாளத்தையும் மெய்ப்பித்திருக்கவேண்டும். செல்போன் இல்லாதார் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து இதனை முடிக்கலாம்.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு பெரிது. 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களில், தகுதியற்ற பலருடைய பெயர்கள் ஜாபிதாவில் புகுத்தப்பட்டது வெளிப்பட்டு, பணத்தைத் திரும்ப வசூலிக்க நேர்ந்தது. பொய்ப் பெயரைச் சேர்ப்பதும் குற்றம். மெய்யான ஏழையின் பெயர் விடுபட விடுவதும் அதற்குக் குறைந்த தீங்கன்று. படிக்கத் தெரியாத விதவையின் பட்டா மனுவை உடனே கவனித்துத் தீர்ப்பது, அவளுக்கு ஒரு போகத்து உரத்தைக் கொடுப்பதற்குச் சமானம்.

ஒரு குறை மாத்திரம் எஞ்சியிருக்கிறது. இத்திட்டம் நில உடைமையை ஒட்டியதாதலால், வாரத்திற்கும் குத்தகைக்கும் உழுகிறவருக்கு இதில் இடமில்லை. ஒடிஷா சர்க்கார் 2019-ல் நடத்திய காலியா திட்டத்தில் வாரதாரரும் நிலமற்ற குடும்பங்களும் சேர்க்கப்பட்டிருந்தனர். ஆகவே, நிலத்தைப் பிறரிடம் விட்டிருக்கும் நிலக்காரர்கள், இத்தொகையில் ஒரு தவணையையேனும் அந்நிலத்தின் உரச்செலவுக்குக் கொடுத்துதவுதல் நியாயம். பயிர் செழித்தால் உழுபவருக்கும் உடையவருக்கும் லாபமே.